மஞ்சள் பூசிய மூன்று வரி

எங்கள் கோர்ட்டில் ஜெயித்தவர்களின் கதையை யாரும் எழுத வேண்டியதில்லை. அவர்களே கேண்டீனில் உட்கார்ந்து, தட்டிலிருக்கும் கிர்மிட் பொரி நமுத்துப் போகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார்கள். நான் எழுத வந்தது சுமங்கலா முதேனூரைப் பற்றி. இருபது வருடமாகக் கறுப்புக் கோட்டு மாட்டுகிறாள். வாதாடிய நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நூலக அறையில் அவளுக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது, அதனால் எனக்குத் தெரியும்.

ஹாவேரிப் பக்கத்துத் தாலூகா கோர்ட் இது. வக்கீல் சங்கத்துக்கு ஒரு நூலக அறை, அதில் ஒரே ஒரு கம்ப்யூட்டர். தீர்ப்புகளைத் தேடித் தரும் இணையதளம் ஒன்றுக்கு எல்லாரும் சேர்ந்து சந்தா கட்டியிருக்கிறோம். பாஸ்வேர்டு ரகசியமாக இருக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். பிறகு மறந்துபோகிறது என்று அதை மானிட்டரின் ஓரத்தில் ஒட்டிவைத்தோம். எங்கள் லட்சணம் அப்படி.

தேடுவது பெரிய வித்தையா என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வக்கீல்கள் தேடுவதைப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள். கட்சிக்காரன் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னதை அப்படியே ஆங்கிலமாக்கித் தட்டுவார்கள், ‘பக்கத்து நிலத்துக்காரன் வண்டிப்பாதையை அடைத்துவிட்டான்’ என்று. ஒன்று, எதுவுமே வராது. அல்லது மலைபோல வந்து குவியும். சுமங்கலா அப்படித் தட்டமாட்டாள். இதை ஒரு நீதிபதி எழுதியிருந்தால் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று கண்ணை மூடி யோசிப்பாள். ‘வெளிப்படையாக, இடையூறின்றி, உரிமையோடு’ என்று அவர்களுக்கென்று சில சொற்கள் உண்டு. அவற்றில் இரண்டை எடுத்து, ஒன்றுக்கொன்று பக்கத்தில் வருமாறு கேட்டுத் தட்டுவாள். திரையில் வரிசையாகத் தீர்ப்புகள் வரும். ஒவ்வொன்றின் கீழும் தேடிய சொல் இருக்கும் இடத்திலிருந்து மூன்று வரி, சொல்லின்மேல் மஞ்சள் பூசி. அவள் அந்த மூன்று வரியை மேய்ந்துவிட்டு, “இது, அப்புறம் அந்த நாலாவது” என்பாள். கேட்டவர் அச்செடுத்துக்கொண்டு ஓடுவார். சாயங்காலம் கேண்டீனில் அது அவர் கண்டுபிடித்த தீர்ப்பாகிவிடும்.

அவளை எல்லாரும் லைப்ரரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிடப் பெரியவர்கள்கூட.

அவள் ஏன் வாதாடுவதில்லை என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. வந்த புதிதில் ஒரு வழக்கில் எழுந்து நின்றாள். தொண்டை அடைத்துக்கொண்டது. நீதிபதியைப் பார்த்து “ஸ்வாமி... ஸ்வாமி...” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மற்ற ஊரில் இது நடந்திருந்தால் ஒரு மாதத்தில் மறந்திருப்பார்கள். எங்கள் ஊரில் வக்கீல் பிரகலாத ஜாகீர்தார் இருக்கிறார். சங்கத்து ஆண்டு விழா ஒவ்வொன்றிலும் புடவைத் தலைப்பு இழுப்பதுபோல் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “ஸ்வாமி... ஸ்வாமி...” என்று நடித்துக் காட்டுவார். சபை குலுங்கும். சுமங்கலாவும் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

அதே ஜாகீர்தார்தான் தசரா விடுமுறைக்கு முன் ஒருநாள், கையில் மிளகாய் பஜ்ஜியோடு வந்து நின்றார்.

“லைப்ரரியக்கா, ஒரு வழி விவகாரம். நிலத்துக்காரன் அனுமதி குடுத்து நடந்தா அது உரிமை ஆகாதுன்னு நல்லா அறையுற மாதிரி ஒண்ணு வேணும்.”

“கை துடைங்க மொதல்ல. கீபோர்டுல எண்ணெய் ஆகுது.”

அவர் பஜ்ஜியை முடிப்பதற்குள் தேடிக் கொடுத்துவிட்டாள். ‘பசப்பா’ என்று ஆரம்பிக்கும் ஏதோ ஒரு தீர்ப்பு, நம் ஹைகோர்ட்டுடையது. யாருடைய வழக்கு, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்பது எங்கள் சங்கத்தில் மரியாதை இல்லை. நூலகத்தில் யார் எதைத் தேடினார் என்று யாரும் கேட்கவும் கூடாது, வெளியே சொல்லவும் கூடாது. எழுதாத சட்டம். இருக்கிற ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு கட்சியும் தேடியாக வேண்டும் என்றால் வேறென்ன செய்வது?

நிங்கவ்வா வந்தது அதற்குப் பின்னால். சுமங்கலாவின் பிறந்த ஊர்க்காரி, சின்ன வயதில் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். நாலு ஏக்கர் மிளகாய். அந்த நிலத்துக்கு வண்டி போக வேண்டுமானால் சோமனகௌடரின் நிலத்தின் ஓரமாகத்தான் போக வேண்டும். நிங்கவ்வாவின் மாமனார் காலத்திலிருந்து அந்தப் பாதையில்தான் வண்டி போகிறது. தேர்தலில் ஏதோ மனக்கசப்பு. கௌடர் பாதையில் கல் நட்டு முள்கம்பி இழுத்துவிட்டார். காய் பழுத்துக்கொண்டிருந்தது.

“வேற பெரிய வக்கீல்கிட்ட போலாமே நிங்கி,” என்றாள் சுமங்கலா.

“பெரிய வக்கீல் என் பேச்சை எங்க கேக்குறாரு? நான் வாயத் திறந்தா அவர் போன எடுக்குறாரு. நீ சொல்லுக்கா. நீதான் எல்லாருக்கும் எடுத்துக் குடுக்குறியாமே? எனக்கு ஒண்ணு எடுத்துக் குடுத்து, நீயே சொல்லிடு.”

வழக்கில் ஒரே ஒரு முள் இருந்தது. எங்கள் பக்கம் எள்ளு அமாவாசைக்கு வயலில் படையல் போடுவோம். அன்றைக்கு நிங்கவ்வா வீட்டிலிருந்து கௌடர் வீட்டுக்கு ஒரு தேங்காய், ஒரு அச்சு வெல்லம், எள்ளு ஹோளிகை என்கிற போளி போகும். மாமனார் காலத்து வழக்கம். அதன் பிறகுதான் அந்த வருடத்தின் முதல் வண்டி பாதையில் இறங்கும். முப்பது வருடம் அந்த ஹோளிகையைத் தின்ற வாய் இப்போது எழுத்து மூலம் என்ன சொன்னது தெரியுமா? ‘ஆண்டுதோறும் தேங்காய் கொடுத்து என்னிடம் அனுமதி கேட்டுத்தான் வண்டி ஓட்டினார்கள். எனவே அது உரிமை இல்லை.’

நிங்கவ்வாவுக்கு அது புரியவே இல்லை. “தேங்கா குடுத்தா அனுமதியா? அப்ப கல்யாணத்துக்குத் தேங்கா குடுக்குறாங்களே, அதென்ன?” என்று கேட்டாள்.

சுமங்கலா உட்கார்ந்தாள். அடுத்தவருக்காகத் தேடும்போது இருக்கும் நிதானம் அன்று இல்லை. இது அவளுடைய வழக்கு. அவள் நின்று பேச வேண்டிய வழக்கு. சொல்லை மாற்றி மாற்றித் தட்டினாள். ‘மரியாதை’, ‘நல்லெண்ணம்’, ‘அயலார்’, ‘திருவிழா’. வெகுநேரத்துக்குப் பின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து என்னைக் கூப்பிட்டாள்.

“ரேணுகா, இங்க பாரு. யவ்வா, இங்க பாரேன்!”

திரையில் மஞ்சள் பூசிய மூன்று வரி. ‘தலைமுறைகளாக அனுபவித்துவரும் பாதையில், அயலாருக்குரிய மரியாதையின் பொருட்டு ஆண்டுதோறும் செய்யப்படும் ஒரு சிறு காணிக்கை, அந்த உரிமையை வெறும் அனுமதியாகத் தாழ்த்திவிடாது.’ தேங்காய் என்ற சொல் ஒன்றுதான் குறை. நிங்கவ்வாவுக்காகவே எழுதியதுபோல் இருந்தது. சுமங்கலா அந்த மூன்று வரியைத் தாளில் எழுதி மனப்பாடம் செய்தாள். குளிக்கும்போதும் ரொட்டி தட்டும்போதும் சொல்லிப் பார்த்தாளாம். தொண்டை அடைக்கக் கூடாதல்லவா? அவள் பயம் முழுவதும் தொண்டையைப் பற்றித்தான் இருந்தது. தீர்ப்பைப் பற்றி இல்லை.

வழக்கு முடியும்வரை பாதையைத் திறந்துவிடக் கேட்டுத் திங்கட்கிழமை அவள் எழுந்து நின்றாள். ஜாகீர்தார் எதிர்ப்பக்கம். பின்வரிசைகளில் கூட்டம், லைப்ரரியக்கா பேசுகிறாளாம் என்று. நிங்கவ்வா வாசல் ஓரம் முக்காடு போட்டு நின்றிருந்தாள். தொண்டை அடைக்கவில்லை. அந்த மூன்று வரியை அவள் படித்தது கணீரென்று இருந்தது. நீதிபதிகூடக் குறிப்பெழுதினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜாகீர்தார் எழுந்தார். அவசரமே இல்லாமல்.

“ஸ்வாமி, அக்கா படிச்சது ரொம்ப அழகா இருந்துச்சு. அடுத்த பத்தியையும் நான் படிச்சுடுறேனே.” கையிலிருந்த தாள்களைப் புரட்டினார். “‘மேற்கண்டவாறு வழக்கறிஞர் வாதிட்டார். இந்த வாதத்தை ஏற்க இயலவில்லை.’ ஸ்வாமி, அக்கா இவ்வளவு நேரம் படிச்சது தீர்ப்பு இல்ல. தோத்துப்போன வக்கீல் பேசின பேச்சு.”

இது எப்படி நடந்தது என்று பிறகு பார்த்தோம். தோற்றவரின் வாதத்தை நீதிபதி ஒரு பக்க நீளத்துக்கு ஒரே பத்தியாக எழுதியிருந்தார். ‘வழக்கறிஞர் வாதிட்டதாவது’ என்பது அந்தப் பத்தியின் தலையில் இருந்தது. தேடும் இணையதளம் காட்டியது நடுவிலிருந்த மூன்று வரி. தலையும் இல்லை, காலும் இல்லை. அவள் பக்கத்தைத் திறந்திருக்கிறாள், நேராக அந்த மஞ்சளுக்குப் போயிருக்கிறாள், எழுதிக்கொண்டிருக்கிறாள். மேலே ஒரு விரற்கடை நகர்த்தவில்லை.

ஜாகீர்தார் அதோடு விட்டிருக்கலாம். விடுவாரா? “இன்னொண்ணு ஸ்வாமி. இந்தத் தீர்ப்பை எனக்குத் தேடிக் குடுத்ததே இந்த அக்காதான். தசராவுக்கு முன்னாடியே. நான் அக்காவுக்குக் கடமைப்பட்டிருக்கேன்.”

கோர்ட்டே சிரித்தது. ஆம், அதே தீர்ப்புதான். ஒரு தொகுப்பில் ‘பசப்பா’ என்று ஒரு எண்ணில் போட்டிருந்தார்கள். இன்னொரு தொகுப்பில், வழக்கு நடக்கும்போதே செத்துப்போன அந்த பசப்பாவை விட்டுவிட்டு, அவன் மகன் பெயரில் வேறொரு எண்ணில் போட்டிருந்தார்கள். வேறு சொல்லைத் தட்டியதால் அவளுக்கு இது கிடைத்தது. இரண்டும் ஒன்று என்று அவளுக்குத் தெரியவில்லை. முழுதாகப் படித்திருந்தால் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்திருக்கும்.

நூலகத்தில் நடந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற மரியாதையை உடைத்த ஜாகீர்தாரின் மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் தணியவில்லை. ஆனால் சுமங்கலாவின் முகத்தைப் பார்த்தபோது ஆத்திரம்கூட மறந்துபோனது. “ஸ்வாமி...” என்றாள். மறுபடியும் “ஸ்வாமி...” என்றாள். பின்வரிசையில் யாரோ அதைத் திருப்பிச் சொன்னார்கள். நீதிபதி தலையை ஆட்டிவிட்டு, வேறு ஏதாவது சொல்வதானால் வியாழக்கிழமை சொல்லலாம், அன்றே உத்தரவு என்றார்.

வராந்தாவில் நிங்கவ்வா காத்திருந்தாள். ஆங்கிலத்தில் பேசியது ஒன்றும் அவளுக்குப் புரிந்திருக்காது. ஆனால் ஜாகீர்தார் கடைசியில் சொன்னதைக் கன்னடத்தில் அல்லவா சொன்னார்!

“அக்கா, அவருக்கும் நீதான் எடுத்துக் குடுத்தியா?”

“ஆமா நிங்கி. ஆனா அது உன் கேஸ்னு எனக்குத் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“குடுத்திருக்கவே மாட்டேன்.”

நிங்கவ்வா சத்தம் போடாமல்தான் கேட்டாள். “அப்ப யாரோ ஒரு நிங்கவ்வான்னா குடுத்திருப்ப. அப்படித்தானேக்கா?”

திட்டியிருந்தால் சுமங்கலா தாங்கியிருப்பாள். நிங்கவ்வா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்துவிட்டாள். சுமங்கலா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோட்டைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தாள், மதியத்துக்கு மேல் இரண்டு வேலை பாக்கி இருந்தும்.

மறுநாள் நூலகத்துக்கு வந்தாள். வரமாட்டாள் என்று நினைத்தேன். அவமானப்பட்டவர்கள் மறைந்துகொள்வார்கள் என்பதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு. அவள் அந்தத் தீர்ப்பை முதல் பக்கத்திலிருந்து அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் போனார்கள்.

“லைப்ரரியக்கா, எனக்கும் ஒண்ணு தேடுங்க. ஜெயிச்சவன் பேசினதா பாத்து!”

“எதிர்க்கட்சிக்கு ஏற்கனவே குடுத்தாச்சான்னு மட்டும் சொல்லிடுங்கக்கா!”

அவள் நிமிரவில்லை. நான்தான் பொறுக்காமல், “நான் வேணா வியாழக்கிழமை வாய்தா கேக்கட்டுமா? உனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லிடலாம்,” என்றேன்.

“வாய்தா வாங்கினா மிளகாய்க்குத் தெரியுமா ரேணுகா? அது பழுத்துக்கிட்டே இருக்கும்.” பென்சிலைத் தாளில் ஊன்றினாள். “நான் எத்தனை பேருக்கு இப்படி மூணு வரி கிழிச்சுக் குடுத்திருக்கேன்? அதெல்லாம் என்ன ஆச்சுன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா? சபாஷ்னு சொன்னாங்க, சிரிச்சேன். அவ்வளவுதான். வெக்கமா இருக்கு.”

அன்று சாயங்காலம் மழை பெய்தது. காலமில்லாத காலத்தில், ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. செடியிலேயே பழுத்துக் காய்ந்த மிளகாய் நனைந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுமங்கலா ஜன்னலைப் பார்க்காமல் இருப்பதற்காகவே நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வியாழக்கிழமை கூட்டம் இன்னும் அதிகம். சிரிக்க வந்த கூட்டம். நீதிபதியே கொஞ்சம் சிரித்தபடிதான் கேட்டார். “என்னம்மா, இன்னைக்கும் மூணு வரிதானா?”

“இல்ல ஸ்வாமி, முழுசா இருக்கு. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன்.” குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. “திங்கக்கிழமை நான் படிச்சது கோர்ட் சொன்னது இல்ல. தோத்தவங்க சொன்னது. முழுசாப் படிக்காமலே உங்க முன்னாடி வந்து படிச்சேன். தப்பு என்னோடது. என் கட்சிக்காரம்மாவோடது இல்ல. அவங்க கணக்குல அதை எழுதாதீங்க.”

சிரிக்க வந்தவர்கள் வாயை மூடினார்கள். எங்கள் கோர்ட்டில் ஒரு வக்கீல் ‘படிக்கவில்லை’ என்று ஒத்துக்கொண்டதை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. ‘பிரிண்டர் சரியில்லை’, ‘ஜூனியர் தவறவிட்டார்’, ‘கரண்ட் போய்விட்டது’, இவைதான் எங்கள் பாஷை.

“ஜாகீர்தார் சாகேப்புக்குக் குடுத்தீங்களே, அது?” என்று கேட்டார் நீதிபதி.

“அதையும் நான் பாதிதான் படிச்சேன் ஸ்வாமி. சாகேப்பும் பாதிதான் படிச்சிருக்கார். ‘ஏற்க இயலவில்லை’ங்கிற இடத்துல நிறுத்திட்டார். ஏன் ஏற்க இயலவில்லைன்னு கீழே எழுதியிருக்கு. படிக்கலாமா?”

படித்தாள். அந்த பசப்பா ஒவ்வொரு வருடமும் நிலத்துக்காரனுக்கு, ‘உங்கள் தயவால் இந்த வருடம் நடக்கிறேன்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். அந்தத் தாள்களைப் பார்த்துத்தான் அவன் வாதத்தைத் தள்ளியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில் நீதிபதி இப்படியும் எழுதியிருந்தார்: ‘அயலார் ஒருவருக்கொருவர் பண்டிகை நாளில் கொடுத்துக்கொள்வதைப் பற்றி நாங்கள் இங்கே எதுவும் சொல்லவில்லை.’ நிங்கவ்வா எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. கௌடரிடம் அப்படி ஒரு துண்டுச்சீட்டும் இல்லை.

ஜாகீர்தார் தன் தாள்களைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தை அவர் அச்செடுக்கவே இல்லை.

வழக்கு முடியும்வரை ஒரு வண்டி போகிற அகலத்துக்குக் கம்பியைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவானது. ஜெயித்தோம் என்று நான் சுமங்கலாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை விடுவித்துக்கொண்டாள். வண்டி உள்ளே போய்க் காயை வெளியே கொண்டுவந்தபோது பாதிக்கு மேல் நிறம் போய் வெளுத்திருந்தது. திங்கட்கிழமையே அவள் முழுதாகப் படித்திருந்தால் அது மழைக்கு முன் களத்துக்கு வந்திருக்கும். இதை நிங்கவ்வா ஒருநாளும் சொல்லவில்லை. சுமங்கலாதான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதன் பிறகு நூலகத்தில் அவள் இரண்டு காரியம் செய்தாள். யார் வந்து கேட்டாலும், “யார் கேஸ்?” என்று முதலில் கேட்டாள். கேட்டவர் முழுத் தீர்ப்பையும் அங்கேயே உட்கார்ந்து படித்தால்தான் அச்செடுத்துக் கொடுத்தாள். இரண்டுமே எங்கள் ஆட்களுக்குப் பிடிக்கவில்லை. “லைப்ரரியக்காவுக்குத் தலைக்கனம்” என்றார்கள். வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். ஆண்டு விழாவில் ஜாகீர்தார் வழக்கம்போல் நடித்தார், இந்த முறை மஞ்சள் துணி ஒன்றைத் தலையில் போர்த்திக்கொண்டு. சுமங்கலா சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. முடியும்வரை உட்கார்ந்து பார்த்தாள்.

அடுத்த எள்ளு அமாவாசை வந்தது. வழக்கு இன்னும் நடக்கிறது, நம் வழக்குகள் அப்படித்தானே. இந்த வருடம் கௌடர் வீட்டுக்கு எதுவும் அனுப்பாதே, அதையும் அனுமதி என்று எழுதிக்கொடுப்பான் என்று சுமங்கலா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள். போனில்தான் சொன்னாள். நேரில் பார்க்க அவளுக்குக் கூச்சம்.

மறுநாள் காலை நூலக வாசலில் நிங்கவ்வா நின்றாள். கையில் தூக்குப்பாத்திரம், மடியில் ஏதோ கனமாக.

“உள்ள வரலாமாக்கா?”

சுமங்கலா எழுந்து நின்றுவிட்டாள். “மிளகாய்... இந்த வருஷம்...” என்று ஆரம்பித்தாள்.

“நல்லா வந்திருக்கு. நேத்து மொத வண்டி இறங்கிடுச்சு.” நிங்கவ்வா மடியிலிருந்து தேங்காயை எடுத்தாள். பாத்திரத்தைத் திறந்து வெல்லத்தையும் ஹோளிகையையும் மேஜையில் வைத்தாள். “கௌடர் வீட்டுக்கு அனுப்பக் கூடாதுன்ன. வீட்டுலயே வெச்சுக்கவும் மனசு வரல. எங்க மாமனார் காலத்துத் தேங்கா, எங்கயாவது போயாகணும்ல?”

“எனக்கு எதுக்கு நிங்கி? நான் உனக்கு என்ன பண்ணேன்னு...”

“புடிக்கா.” தேங்காயை அவள் பக்கம் நீட்டினாள். “இது அனுமதிக்கு இல்ல. மரியாதைக்கு.”

சுமங்கலா இரண்டு கையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். தலையைத்தான் நிமிர்த்தவில்லை.